பத்தாவது கேள்வி

1856 ஜனவரி கடைசி வாரம், ஓஹியோ ஆறு உறைந்து கிடந்தது. இக்கரையில் கென்டக்கி, அடிமைமுறை உள்ள மாநிலம். அக்கரையில் ஓஹியோ, அடிமைமுறை இல்லாத மாநிலம். நடுவில் இருந்த தண்ணீர் பனிக்கட்டியாகிப் பாதையும் ஆகிவிட்டதால், மார்கரெட் கார்னர் என்ற இளம்பெண் கணவரோடும் அவரைப் பெற்றவர்களோடும் தன் நான்கு குழந்தைகளோடும் இரவோடிரவாக அதைக் கடந்து சின்சினாட்டி போய்ச் சேர்ந்தார். சுதந்திரம் சில மணி நேரம்தான் நீடித்தது. உறவினர் வீட்டில் ஒளிந்திருந்தவர்களை அடிமை உரிமையாளரின் ஆட்களும் அரசு மார்ஷல்களும் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் உள்ளே வருவதற்குள் மார்கரெட் தன் இரண்டு வயது மகள் மேரியைக் கத்தியால் கழுத்தறுத்துக் கொன்றிருந்தார். மற்ற குழந்தைகளையும் கொல்லப் பார்த்தார், அதற்குள் பிடித்துவிட்டார்கள்.

டோனி மாரிசனின் 'பிலவ்ட்' (1987) நாவல் இந்தச் செய்தியிலிருந்துதான் முளைத்தது. நாவலை வாசித்த பலருக்கு இது தெரிந்திருக்கும். நாவலில் அதிகம் வராத பகுதி நீதிமன்றம். என்னை ரொம்ப நாள் தூங்கவிடாமல் செய்த பகுதியும் அதுதான்.

மார்கரெட்டின் பக்கம் நின்ற வழக்கறிஞர், அவர்மேல் கொலைக் குற்றம் சாட்டி ஓஹியோவிலேயே விசாரிக்க வேண்டும் என்று கேட்டார். தன் கட்சிக்காரரைக் கொலைகாரி என்று சொல்லச்சொல்லி மன்றாடும் வக்கீல்! கணக்கு எளிமையானது. கொலை செய்ய ஒரு மனிதரால்தான் முடியும். கொலை வழக்கு பதிந்துவிட்டால் அவர் மனுஷி என்று சட்டம் ஒப்புக்கொண்டதாகிவிடும். எதிர்த்தரப்பு கேட்டதோ சொத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்பது மட்டும். இரண்டு வாரம் வாதம் நடந்தது. கடைசியில் சொத்துதான் ஜெயித்தது, மார்கரெட் திருப்பி அனுப்பப்பட்டார். போகிற வழியில் படகு விபத்தில் கைக்குழந்தையும் மூழ்கி இறந்தது. 1858இல் மிஸிஸிப்பியில் டைபாய்டு காய்ச்சலில் மார்கரெட்டும் இறந்துபோனார்.

அவர் மனதில் என்ன இருந்தது? 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி, தப்பியவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டவரின் சாட்சியத்தை அந்த விசாரணையில் ஏற்கவே கூடாது. ஆகவே ஊரே அவர் மனதைப் பற்றிப் பேசியது. பத்திரிகைகள் பேசின, பாதிரியார்கள் பேசினார்கள். பதினோரு வருஷம் கழித்து தாமஸ் நோபிள் என்ற ஓவியர் அவரை வரைந்து 'நவீன மெடியா' என்று பெயர் வைத்தார். மெடியா கணவனைப் பழிவாங்கப் பிள்ளைகளைக் கொன்ற கிரேக்கக் கதாபாத்திரம். மார்கரெட்டுக்கும் அவளுக்கும் கத்தியைத் தவிர எதுவும் பொதுவில்லை.

ஒரு கறுப்பினத் தாயின் மனதை மற்றவர்கள் எழுதுவதும், அந்தத் தாய் தானே சொன்னால் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருப்பதும் அமெரிக்காவில் ஒரு நீண்ட வரலாறு. இன்று பேறுகால மனச்சோர்வு பற்றிப் பேசும்போது விழிப்புணர்வு இல்லை, கூச்சம், தயக்கம் என்றெல்லாம் சொல்கிறோம். அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்ப்போம்.

1840இன் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், மனநோய் உள்ளவர்களை இனவாரியாக எண்ணினார்கள். வந்த முடிவு: அடிமைமுறை உள்ள மாநிலங்களில் 1,558 கறுப்பர்களுக்கு ஒருவர் மனநோயாளி. சுதந்திர மாநிலங்களில் 162 பேருக்கு ஒருவர். மெய்ன் மாநிலத்திலோ 14 பேருக்கு ஒருவர்! விடுதலை கொடுத்தால் கறுப்பர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று அரசாங்கமே எண் போட்டுச் சொன்னதாகிவிட்டது.

எட்வர்ட் ஜார்விஸ் என்ற மருத்துவர் அந்தக் கணக்கை எடுத்து ஊர் ஊராகச் சரிபார்த்தார். மெய்னில் ஒரு கறுப்பர்கூட வசிக்காத ஊர்களில் கறுப்பின மனநோயாளிகள் இருந்தார்கள். மாசசூசெட்ஸின் வூஸ்டரில் 151 கறுப்பர்களில் 133 பேர் மனநோயாளிகள். அந்த 133 பேரும் அங்கிருந்த அரசு மனநல மருத்துவமனையின் வெள்ளைக்கார நோயாளிகள். எண் ஒரு கட்டம் தள்ளி விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். எக்செல்லில் ஒரு பத்தி தள்ளி ஒட்டிவிட்டு மறுநாள் காலை மேனேஜரிடம் திட்டு வாங்கும் எங்கள் ஆட்களுக்கு இது நன்றாகப் புரியும்.

வித்தியாசம் என்னவென்றால், இந்தப் பிழையைத் திருத்தவில்லை. கிளாஸ்கோவில் மருத்துவப் பட்டம் வாங்கிய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கரான ஜேம்ஸ் மெக்கியூன் ஸ்மித் எண்களை வைத்தே இதை உடைத்துக் காட்டினார். ஜான் குவின்ஸி ஆடம்ஸ் நாடாளுமன்றத்தில் திருத்தம் கேட்டார். வெளியுறவுச் செயலாளராக இருந்த ஜான் கால்ஹவுன் 1844இல் பிரிட்டிஷ் தூதருக்கு எழுதிய கடிதத்தில் அதே எண்களை அடிமைமுறைக்கு ஆதாரமாகக் காட்டினார். பயன்படும் பிழையை யாரும் பிழை என்று மூடுவதில்லை.

1851இல் லூசியானாவின் மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட் அடுத்த படிக்குப் போனார். அடிமைகள் தப்பியோடுவது ஒரு மனநோய் என்று அதற்கு 'டிராப்டோமேனியா' என்று பெயர் வைத்தார். கூடவே, கறுப்பர்களின் உடலுக்கு வலி உறைக்காது என்று இன்னொரு நோயையும் கண்டுபிடித்தார். ஓடினால் பைத்தியம், ஓடாமல் நின்றால் வலியே தெரியாத உடம்பு. இது போய்ச்சேர்ந்த பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வெள்ளையின மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் கேட்டபோது, கறுப்பர்களின் தோல் தடிமனானது என்பது போன்ற பொய்யான நம்பிக்கைகளில் ஒன்றையாவது ஏறக்குறைய பாதிப்பேர் ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த உலகத்தில் ஒரு கறுப்பினத் தாய் தன் மனதை யாரிடம் திறந்தாள்? தென்மாநிலங்களில் இதற்கு ஒரு பதில் இருந்தது: மருத்துவச்சி. 'கிரானி' என்று அழைக்கப்பட்ட கறுப்பின மருத்துவச்சிகள் அடிமைக் காலத்திலிருந்தே பிரசவம் பார்த்துவந்தார்கள். ஜார்ஜியாவின் ஆல்பனி ஊரைச் சேர்ந்த மேரி கோலி 3,000க்கும் மேற்பட்ட பிரசவங்கள் பார்த்தவர். அவர் வேலை பார்ப்பதைக் காட்டும் 'ஆல் மை பேபீஸ்' (1953) என்ற பயிற்சிப்படம் இருக்கிறது, முடிந்தால் பாருங்கள். குழந்தை வெளியே வந்ததும் கோலியின் வேலை முடிந்துவிடாது. பிறகும் வீட்டுக்கு வருவார், தாயைப் பார்ப்பார், வீட்டை ஒழுங்கு செய்வார். நம் ஊரிலும் பிள்ளை பெற்ற வீட்டுக்கு மருத்துவச்சி வந்துபோன ஞாபகம் பாட்டிகளிடம் இருக்கும்.

1921இன் ஷெப்பர்ட்-டவுனர் சட்டம் தாய்சேய் நலத்துக்கு மத்திய அரசின் பணம் கொடுத்தது. அந்தப் பணத்தில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியும் உரிமமும் வந்தன, கூடவே கண்காணிப்பும். அசுத்தம், மூடநம்பிக்கை என்ற பிரச்சாரமும் சேர்ந்துகொண்டது. கொஞ்சம் கொஞ்சமாக உரிமங்கள் நின்றன, 1976இல் அலபாமா சட்டம் போட்டே மூடியது. மருத்துவமனைப் பிரசவம் பல உயிர்களைக் காப்பாற்றியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பிரசவத்துக்குப் பிந்தைய அந்த வாரங்கள் யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் போயின. மருத்துவமனை வைத்திருந்தது ஆறாவது வாரத்தில் ஒரே ஒரு சந்திப்பு. அதற்கும் சுமார் 40 சதவீதம் பெண்கள் போவதில்லை என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கழகமே சொல்கிறது. 2018இல்தான் முதல் மூன்று வாரத்துக்குள் தாயைத் தொடர்புகொள்ளுங்கள் என்று அது வழிகாட்டியை மாற்றியது.

மருத்துவச்சி போன இடத்துக்கு வந்தது ஒரு தாள். 1987இல் ஸ்காட்லாந்தில் உருவான எடின்பரோ பேறுகால மனச்சோர்வு அளவுகோல். பத்தே கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. உலகமெங்கும் பல மொழிகளில் பயன்படுகிறது, தமிழிலும் உண்டு. கடைசிக் கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. நல்ல கருவிதான். அதன் அடியில் ஒரு அனுமானம் இருக்கிறது: உண்மையைச் சொல்ல எல்லாருக்கும் ஒரே செலவுதான் ஆகும்.

நியூ ஜெர்ஸியைப் பார்ப்போம். பிரசவித்த எல்லாத் தாய்மாரையும் மனச்சோர்வுக்குச் சோதிக்கச் சட்டம் போட்ட முதல் மாநிலம் அது (2006). ஆளுநராக இருந்த ரிச்சர்ட் கோடியின் மனைவி மேரி ஜோ கோடி தன் பேறுகால மனநோயைப் பற்றி மேடைகளில் வெளிப்படையாகப் பேசியது அதற்குப் பெரிய உந்துதல். துணிச்சலான பேச்சுதான், எனக்கு அதில் மரியாதை உண்டு. அதே மாநிலத்தில் 2004 முதல் 2007 வரை ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டில் பிரசவித்த 29,601 பெண்களின் பதிவுகளை ஒரு ஆய்வு (2011) எடுத்துப் பார்த்தது. பிரசவத்துக்குப் பின் மனநலச் சிகிச்சை தொடங்கியவர்கள் வெள்ளையினப் பெண்களில் 9 சதவீதம், கறுப்பினப் பெண்களில் 4 சதவீதம். எல்லாரும் ஏழைகள், எல்லாருக்கும் ஒரே காப்பீடு. கறுப்பினத் தாய்மாருக்குக் கவலை குறைவு என்று இந்த 4ஐ வாசிப்பவர் வூஸ்டர் கணக்கை இன்னொரு தடவை செய்கிறார், தலைகீழாக. பூஜ்யமும் காலிக் கட்டமும் ஒன்றல்ல என்று எங்கள் வேலையில் முதல் மாதமே சொல்லிக்கொடுப்பார்கள்.

கட்டம் ஏன் காலியாக இருக்கிறது? வரலாற்றாசிரியர் டார்லீன் கிளார்க் ஹைன் 1989இல் ஒரு கட்டுரை எழுதினார். கறுப்பினப் பெண்கள் வெளியே திறந்த மனதோடு இருப்பதுபோலத் தோன்றிக்கொண்டே உள்மனதை மறைத்துக்கொள்ளும் பழக்கத்தைத் தற்காப்பாக வளர்த்துக்கொண்டார்கள் என்றார். வன்முறையும் அவதூறும் துரத்தியபோது உருவான கவசம் அது. அதைப் பார்த்துவிட்டு, கறுப்பினப் பெண்கள் இயல்பிலேயே வலிமையானவர்கள், எதையும் தாங்குவார்கள் என்று பாராட்டுகிறார்கள். கார்ட்ரைட்டின் வலி தெரியாத உடம்பு, இப்போது மாலை போட்டுக்கொண்டு.

இன்னொரு காரணம் பச்சையானது. 2017இல் வெளிவந்த ஒரு கணக்கீட்டின்படி, அமெரிக்காவில் 18 வயதுக்குள் குழந்தைப் பாதுகாப்புத் துறையின் விசாரணைக்கு உள்ளாகும் குழந்தைகள் 37 சதவீதம். கறுப்பினக் குழந்தைகளில் 53 சதவீதம். அதாவது கறுப்பினக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் வீட்டில் அதிகாரி கதவைத் தட்டியிருக்கிறார். அந்த வீட்டில், மூன்று வாரக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பத்தாவது கேள்விக்கு 'ஆமாம், அடிக்கடி' என்ற கட்டத்தில் டிக் போடுங்கள் பார்க்கலாம். மேரி ஜோ கோடிக்குக் கைதட்டல் வாங்கித்தந்த அதே உண்மை இங்கே பிள்ளையைக் கொண்டுபோகும் வண்டியை வரவழைக்கலாம். 'இல்லவே இல்லை' என்று டிக் போடுவது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் போடுவேன்.

2023இல் ஒரு லட்சம் உயிருடன் பிறப்புகளுக்கு 50.3 கறுப்பினத் தாய்மார்கள் இறந்தார்கள், வெள்ளையினத்தில் 14.5. கர்ப்பம் தொடர்பான இறப்புகளை ஆராயும் மாநிலக் குழுக்கள் 2017-2019க்குக் கொடுத்த அறிக்கையில், ஒட்டுமொத்தமாக முதல் காரணம் தற்கொலையும் போதை மருந்து மிகையும் அடங்கிய மனநலக் காரணங்கள். கறுப்பினத் தாய்மாரில் மட்டும் முதலிடம் இதயநோய்க்கு. இதயம்தான் அவர்களை அதிகம் கொல்கிறது என்பதை நம்பத்தான் வேண்டும். இருந்தாலும் ஒரு சந்தேகம் எனக்கு விடவில்லை. அந்தக் குழுக்கள் இறந்தவரின் மருத்துவப் பதிவுகளையும் பார்த்துத்தானே காரணம் எழுதுகின்றன? பத்தாவது கேள்விக்கு எல்லாரும் 'இல்லை' என்று போட்ட பதிவில் என்ன கிடைக்கும்?

காப்பீட்டுக் கதை சுருக்கம். கறுப்பினப் பிரசவங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மெடிக்கெய்டில் நடக்கிறது, ஆனால் கர்ப்பத்துக்காகக் கிடைக்கும் மெடிக்கெய்ட் பிரசவமான 60 நாளில் முடிந்துவிடும் என்பதுதான் பல்லாண்டு விதியாக இருந்தது. மனச்சோர்வு தலைகாட்டி, அதற்குப் பெயர் வைத்து, மருத்துவரைத் தேடிப்போகும்போது அட்டை செல்லாமல் போனது. 2021இல் வந்த சட்டம் அதை ஒரு வருஷமாக நீட்டிக்க மாநிலங்களுக்கு வழிவிட்டது, பெரும்பாலான மாநிலங்கள் நீட்டித்துவிட்டன.

ஹூஸ்டனில் கே மேத்யூஸ் என்பவர் 2013இல் பிரசவத்தில் தன் மகளை இழந்தார். மனதுக்கு உதவி தேடியபோது தன்னைப் போன்றவர்களுக்கென்று எதுவும் கிடைக்கவில்லை. அவரே 'ஷேட்ஸ் ஆஃப் புளூ ப்ராஜெக்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஜூலையில் கறுப்பினத் தாய்மாரின் மனநலத்துக்கென்று ஒரு வாரத்தை ஒதுக்கிக் கடைப்பிடிப்பதும் இவர்கள் முயற்சிதான். பிள்ளை பெற்றவர்களும் பிள்ளையை இழந்தவர்களும் இங்கே கூடுகிறார்கள். நாட்குறிப்பு எழுதச் சொல்லித்தருகிறார்கள். எழுதியது எழுதியவருடையது, அதைக் கோப்பில் சேர்ப்பவர் யாருமில்லை.