காற்றுக்குத் திசை சொன்ன செய்யுள்

தமிழ் மரபு காற்றை, அது வரும் திசையைக் கொண்டு நான்காகப் பகுத்தது: கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல். கிரேக்கர் வடகாற்றைப் போரியஸ் என்றும் மேல்காற்றைச் செபிரஸ் என்றும் தெய்வங்களாகக் கொண்டனர். தமிழிலோ கொண்டல் என்பது மழைமேகத்தையும், கோடை என்பது வேனிற்காலத்தையும் குறிப்பதால், காற்றின் பெயரைக் கற்ற பிள்ளை பருவத்தையும் உடன் கற்றது.

இக்கல்வி செய்யுள் வழியே நடந்தது. சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுக்கும் பழைய அகராதியான நிகண்டு, மனத்தில் பதியும்படி யாப்பில் அமைந்தது. மண்டலபுருடர் விருத்தப்பாவில் இயற்றிய, பன்னிரண்டு தொகுதிகள் கொண்ட சூடாமணி நிகண்டு, 19-ஆம் நூற்றாண்டிலும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நெட்டுருப் பாடமாக இருந்தது.

நிகண்டு பெயர் சொன்ன காற்றைச் செவியில் ஒலிக்கச் செய்தவர் சங்கப் புலவர் கபிலர். 2019-இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கும் திருக்கோவலூரோடு அவர் நினைவு பிணைந்துள்ளது. அவர் தீப்புகுந்ததாகச் சொல்லப்படும் கபிலக்கல்லை, அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. அவர் பாடிய அகநானூற்றின் 82-ஆம் பாடலில், மூங்கிலின் துளைகளில் கோடைக்காற்று புகுந்து குழலாக ஒலிக்கிறது. அருவி முழவாகிறது, வண்டு யாழாகிறது, மந்திகள் வியந்து நோக்க மயில் ஆடுகிறது. கண்ணுக்குப் புலப்படாத காற்றை, அது தொடும் பொருளின் ஓசையால் உணர்த்தும் இம்முறை, குழந்தைக்குக் கற்பிக்க மிக ஏற்றது.

அதே மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலையில் இப்பாடத்தை நேரிலேயே காட்டலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வீசும் காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் தன் ஈரத்தின் பெரும்பகுதியை மழையாகப் பொழிந்துவிட்டு, வறண்ட மேல்காற்றாக இங்கு வருகிறது. அக்டோபரில் காற்றின் திசை மாற, வங்கக்கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் கொண்டல் மலைச்சரிவில் மோதி மேலெழுந்து குளிர்ந்து மழையாகிறது. கோமுகி, மணிமுத்தா ஆறுகளில் வெள்ளம் பெருகுகிறது. மழை ஓய்ந்த பின் வாடையின் குளிர் மலையூர்களில் தங்குகிறது.

வானிலை அறிக்கை வடகிழக்குப் பருவமழை என்று விரித்துரைப்பதில் பெரும்பகுதியைக் கொண்டல் என்ற ஒற்றைச் சொல் தன்னுள் வைத்திருக்கிறது: காற்றும் அதுவே, மேகமும் அதுவே. கோமுகிக் கரையில் வளரும் பிள்ளைக்கு அந்தச் சொல் சேராமல் போனால், தன் ஆற்றில் நீர் வந்த வழியைச் சொல்லும் மிகச் சுருக்கமான பாடத்தை அது இழந்துவிடும்.