கஞ்சமலையின் கறுப்புப் பட்டைகள்

பண்பொழி, தென்காசி, குற்றாலம் பக்கம் மலையிலிருந்து இறங்கும் ஓடைகளின் மணலில் ஒரு காந்தத்தை இழுத்துப் பாருங்கள். கறுப்புப் பொடி அதில் ஒட்டிக்கொள்ளும். அது மேக்னடைட் என்னும் காந்த இரும்புத்தாது. இந்தப் பக்கத்து மலைகளின் சார்னோகைட் பாறையில் அது சிறிதளவு கலந்திருக்கிறது. பாறை கரையக் கரைய, கனமான அந்தத் துகள்கள் ஓடை வளைவுகளில் தங்கிவிடுகின்றன.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபுட், தென்காசி அடங்கிய திருநெல்வேலிச் சீமையின் பாறைகளை ஆராய்ந்து எழுதிய நூல் 1883-ல் வந்தது. ஆனால் மணலில் சிதறிய தாது வேறு, மலையாகவே நிற்கும் தாது வேறு. இரண்டாவதைப் பார்க்க ஃபுட்டின் இளமைக் காலத்துக்கு, சேலத்துக்கு அருகிலுள்ள கஞ்சமலைக்குப் போக வேண்டும்.

1858-ல் துறையில் சேர்ந்த ஃபுட்டும் அவருடைய சக ஆய்வாளர் வில்லியம் கிங்கும் 1860களில் சேலம், திருச்சி வட்டாரங்களின் நிலவியலை வரைபடமாக்கினார்கள். கஞ்சமலையில் மேக்னடைட் தனித்துக் கிடைப்பதில்லை. வெண்கல் எனப்படும் குவார்ட்ஸும் அதுவும் மாறி மாறி அடுக்கிய பட்டைகளாக இருக்கின்றன. சுற்றியுள்ள பாறை மழையில் தேய, இந்தக் கடினப் பட்டைகள் மட்டும் முகடாக எஞ்சின. அவை மலையை வளைத்து ஓடுகின்றன. தரைக்கடியில் கிண்ணம்போல் உள்நோக்கிச் சரிகின்றன. பட்டை எந்தத் திசையில் ஓடுகிறது, எவ்வளவு சரிகிறது என்று அளந்தால்தான் கண்ணுக்குத் தெரியாத தாதுவைக் கணக்கிட முடியும். மேக்னடைட் அருகே திசைகாட்டியின் முள் தடுமாறும். மற்ற இடங்களில் அது தொல்லை. இங்கே அதுவே துப்பு. பிற்காலத்தில் காந்தமானிகளும் ஆழ்துளைத் துரப்பணமும் அந்த வேலையை நுட்பமாக்கின. 1892-ல் அதே துறையின் தாமஸ் ஹாலண்ட் சேலத்து இரும்புத்தாது பற்றியும் இரும்புத் தொழில் பற்றியும் தனி அறிக்கை எழுதினார்.

இவர்கள் எவரும் வெற்று மலைக்கு வரவில்லை. அடிவாரத்தில் உதிர்ந்த தாதுவைப் பொறுக்கி, இடித்து, புடைத்து, மண் உலையில் கரியோடு இட்டுத் துருத்தி ஊதி இரும்பு எடுத்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே இருந்தார்கள். எந்தத் தாது உருகும், எது உருகாது என்று முதலில் கண்டவர்கள் அவர்கள்தான். அறிக்கைகளின் அட்டையில் அவர்கள் பெயர் இல்லை. தமிழகத்தின் தாது ஆய்வு வரலாறு அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த அறிவைப் பெருந்தொழிலாக்க முயன்றவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். தாது சேலத்திலிருந்து நூறு மைலுக்கு மேல் பயணப்பட்டது. தரத்தில் குறையில்லை, உலைக்கு வேண்டிய கரிதான் எட்டாக்கனியானது. காடுகள் பின்வாங்கப் பின்வாங்க, கரிக்கு மேலும் மேலும் தொலைவு போக வேண்டியிருந்தது. கைமாறியும் மீளாமல் 1860களில் ஆலை அணைந்தது.

சுதந்திரத்துக்குப் பின், கரிக்குப் பதில் நெய்வேலி நிலக்கரியால் கஞ்சமலைத் தாதுவை உருக்கலாம் என்று திட்டம் பிறந்தது. சுத்தமான மேக்னடைட்டில் நூற்றுக்கு 72 பங்கு இரும்பு. கஞ்சமலைத் தாதுவிலோ வெண்கல் கலப்பால் ஏறத்தாழ 35 பங்குதான். மாவாக அரைத்து, காந்தத்தால் பிரித்து, உருண்டையாக்கித்தான் உலைக்கு அனுப்ப முடியும். 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய சேலம் உருக்காலை மலையடிவாரத்திலேயே எழுந்தது. ஆனால் அது துருப்பிடிக்காத எஃகுத் தகடு செய்யும் ஆலையாக, வெளியூர் மூலப்பொருளை நம்பி வளர்ந்தது. 2000களில் கஞ்சமலையையும் திருவண்ணாமலை வட்டாரத்துக் கவுத்தி, வேடியப்பன் மலைகளையும் வெட்ட மீண்டும் திட்டம் வந்தபோது, ஊற்றும் மூலிகையும் மேய்ச்சலும் போய்விடும் என்று சுற்றுவட்டார மக்கள் எதிர்த்தார்கள். சுரங்கம் வரவில்லை.

நிலவியலாளரின் வரைபடம் தாது எங்கே, எவ்வளவு என்று சொல்லும். அதை எடுக்கலாமா என்பதற்கு எரிபொருளும் தண்ணீரும் காடும் அங்கே வாழ்கிற மனிதர்களும் சேர்ந்துதான் விடை சொல்ல வேண்டும். ஹீத்தின் ஆலைக்குக் கரி சொன்ன பதிலை, நம் காலத்துத் திட்டக்காரர்கள் உளி எடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

அடுத்த வாரம் பொருநை என்னும் தாமிரபரணியின் கரைக்குத் திரும்புவோம். சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்கிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. அந்த அகழாய்வின் கதையைப் பார்ப்போம்.

(தொடரும்)