டெஸ்ட்டில் பாஸ், ஜோங்கரில் பெயில்: சைட் பார்க்கிங் ஏன் இவ்வளவு கஷ்டம்?

கிளேபாங்கிலிருந்து தெங்கெரா வழியாக மலாக்கா நகருக்குச் சில கிலோமீட்டர்தான். ஓட்டிக்கொண்டு போவதில் பிரச்சினை இல்லை. போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆரம்பிக்கும். இரண்டு கார்களுக்கு நடுவே ஓர் இடம் காலியாகத் தெரிகிறது. பின்னால் நாலு கார் நிற்கிறது, ஒருத்தர் ஹாரன் அடிக்கிறார். "வேணாம், இன்னொரு ரவுண்டு போய்ப் பார்க்கலாம்" என்று நகர்ந்துவிடுகிறீர்கள்.

பி லைசென்ஸ் எடுத்த பலருக்கும் இது நடக்கிறது. ஆனால் டெஸ்ட்டில் சைட் பார்க்கிங் போட்டுத்தானே பாஸ் ஆனோம்?

டெஸ்ட்டில் கற்றது என்ன?

ஜேபிஜே தேர்வின் இரண்டாம் பகுதியில் மேடு ஏறுவது, மும்முனைத் திருப்பம் இவற்றோடு பார்க்கிங்கும் உண்டு. ஆனால் அங்கே நிற்பவை கம்பங்கள். இடத்தின் அளவு மாறாது, கார் மாறாது, பின்னால் யாரும் காத்திருப்பதும் இல்லை. "இந்தக் கம்பம் ஜன்னல் மூலையில் தெரிந்ததும் ஸ்டீயரிங்கை முழுசா திருப்பு" என்று பயிற்றுநர் சொன்ன அடையாளத்தை மனப்பாடம் செய்கிறோம். சாலையில் அந்தக் கம்பம் இல்லை. கார் ஏன் அப்படித் திரும்புகிறது என்பதை யாரும் சொல்லித் தந்திருக்கவும் மாட்டார்கள்.

காரணம் எளிது. திரும்புவது முன் சக்கரங்கள் மட்டும்தான். தலையை முன்னால் நுழைத்தால் வால் சாலையிலேயே தங்கிவிடும். பின்பக்கத்தை முதலில் உள்ளே விட்டால், திரும்பக்கூடிய பாகம் கடைசியாக வரும், அதை வளைத்து உள்ளே கொண்டுவரலாம். ரிவர்ஸில் போடச் சொல்வது இதனால்தான்.

எவ்வளவு இடம் வேண்டும்?

2009-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரிக் கணிதப் பேராசிரியர் சைமன் பிளாக்பர்ன் இதற்கு ஒரு சூத்திரம் எழுதினார். காரின் திருப்பு ஆரம், முன்-பின் சக்கர இடைவெளி, முன் மூக்கின் நீளம், பக்கத்துக் காரின் அகலம் ஆகியவற்றைப் போட்டால் போதும், காரின் நீளத்துக்கு மேல் எவ்வளவு இடம் தேவை என்பது கிடைக்கும்.

நம்ம ஊர் மைவிக்குப் போட்டுப் பார்த்தோம். நீளம் 3.9 மீட்டர், திருப்பு ஆரம் 4.5 மீட்டர். மூக்கை 75 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கூடுதலாகச் சுமார் 1.3 மீட்டர் வேண்டும். அதாவது 5.2 மீட்டர் இடம் இருந்தால் முன்னும் பின்னும் ஆட்டாமல் ஒரே மூச்சில் உள்ளே போகலாம். அதைவிடக் குறைவாக இருந்தால் உங்களிடம் குறை இல்லை, இடம்தான் சின்னது. தைரியமாக விட்டுவிட்டுப் போகலாம்.

பழைய தெருவின் கூடுதல் தொல்லை

2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இந்த நகரத்தின் தெருக்கள் காருக்காகப் போடப்பட்டவை அல்ல. ஜாலான் துக்காங் எமாஸில் உள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் 1781-இல் கட்டப்பட்டது. அன்று அங்கே போனது மாட்டு வண்டி. இன்று சதுர்த்திக்கு வருகிறவர் அல்சாவில் குடும்பத்தோடு வருகிறார். வெள்ளி முதல் ஞாயிறு வரை மாலையில் ஜோங்கர் தெருவில் இரவுச் சந்தை கூடும், அந்தச் சாலையே மூடப்படும். அங்கே நிற்க வேண்டிய கார்களெல்லாம் பக்கத்துச் சந்துகளுக்குள் வருகின்றன.

பழைய கடைவீட்டுத் தெருக்களில் கவனிக்க வேண்டியது லோங்காங். சாலையோர மேடு இருந்தால் டயர் தட்டி நிற்கும். மூடாத கால்வாய் என்றால் நேராக உள்ளே இறங்கும். ஒருவழிச் சாலையில் வலப்பக்கம் கட்டம் போட்டிருந்தால், நீங்கள் பழகியதெல்லாம் தலைகீழாகும். அன்றைக்கு ஓட்டவே தெரியாதவர் மாதிரி இருக்கும். எனக்கு இன்னும் அப்படித்தான்.

மோட்டார்சைக்கிள்தான் உண்மையான ஆபத்து. இடப்பக்கமாக ரிவர்ஸ் எடுக்கும்போது உங்கள் காரின் மூக்கு வலப்பக்கம் சாலைக்குள் வீசும். பின்பக்க கேமரா இதைக் காட்டாது. திரையை மட்டும் பார்த்துக்கொண்டு திருப்பினால், வலப்பக்கம் முந்தி வருகிறவர் உங்கள் பம்பரில்தான் வந்து மோதுவார். ஸ்டீயரிங்கைத் திருப்பும் முன் வலது தோளுக்கு மேல் ஒருமுறை பாருங்கள்.

"அஞ்சு நிமிஷம்தானே"

சைட் பார்க்கிங்குக்குப் பயந்தவர் பெரும்பாலும் வீட்டுக்குத் திரும்பிப் போவதில்லை. டபுள் பார்க்கிங் போடுகிறார். கிளேபாங்கில் வார இறுதியில் தேங்காய் ஷேக் வாங்கப் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. டேஷ்போர்டில் கைப்பேசி எண்ணை எழுதி வைத்தால் மரியாதை என்று நினைக்கிறோம். உள்ளே மாட்டிக்கொண்டவருக்கு அது பத்து நிமிடக் காத்திருப்பு. குறுகிய தெருவில் ஆம்புலன்ஸோ பொம்பா வண்டியோ வந்தால், எண்ணைப் பார்த்து போன் போட அவர்களுக்கு நேரமில்லை. அந்தப் பழைய கடைவீடுகளில் இன்னும் வயதானவர்கள் வசிக்கிறார்கள், கூரைக்குக் கீழே இருப்பது மரம்.

சட்டமும் தெளிவு. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 48-ஆவது பிரிவின்படி, மற்றவர்களுக்கு ஆபத்தோ இடையூறோ உண்டாக்கும்படி வண்டியை நிறுத்துவது குற்றம். வண்டிக்குப் பூட்டுப் போடலாம், இழுத்துச் செல்லவும் செய்யலாம். நீங்கள் ஐந்து நிமிடத்தில் திரும்பினீர்களா என்பது அங்கே கணக்கில்லை.

எப்படிப் போடுவது?

இடத்துக்கு முன் நிற்கும் காருக்கு இணையாக, ஒரு கை நீளம் தள்ளி நிறுத்துங்கள். சிக்னலை முதலில் போடுங்கள். ஹாரன் அடிப்பவருக்கு அதுதான் பதில். மெதுவாக ரிவர்ஸ் எடுத்து, உங்கள் பின் சக்கரம் அந்தக் காரின் பின் பம்பருக்கு நேராக வந்ததும் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுசாகத் திருப்புங்கள். பின்னால் நிற்கும் காரின் முகம் முழுவதும் வலது கண்ணாடியில் தெரிந்ததும் ஸ்டீயரிங்கை நேராக்கி இன்னும் கொஞ்சம் போங்கள். உங்கள் முன் இடது மூலை முன்காரைத் தாண்டியதும் வலப்பக்கம் முழுசாகத் திருப்பினால் கார் உள்ளே வந்துவிடும். வேகம் நடக்கும் வேகத்தையும்விடக் குறைவாக இருக்கட்டும்.

பி கிடைத்த பிறகு, வண்டி நடமாட்டம் இல்லாத ஒரு காலித் திடலில் இதைப் பழகலாம். இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகள் போதும். முதலில் எட்டுப் பெரிய காலடி தள்ளி வைத்துப் பழகுங்கள். கை பழகியதும் ஏழாகக் குறையுங்கள், 5.2 மீட்டர் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பெட்டி நசுங்கினால் யாரும் சம்மன் அனுப்பமாட்டார்கள்.