எலிக்கு ஒரு கணக்கு, கூழைக்கடாவுக்கு ஒரு கணக்கு

மாமல்லபுரம் அர்ஜுனன் தபசுல எல்லாரும் யானையைத்தான் படம் எடுப்பாங்க. நான் தேடிப் போறது, தவம் செய்யுற பூனையையும், அதை நம்பி நிக்கிற எலிகளையும். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி எலிக்கும் இடம் கொடுத்திருக்கார். நம்ம சட்டம் என்ன இடம் கொடுத்தது?

மேற்கே வேடந்தாங்கலுக்கு வாங்க. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம். அதனால பறவைகளை ஊரே காவல் காத்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டப்போ, செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு 1798இல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினாங்கன்னு சொல்வாங்க. அதே வயல் வரப்புல எலி வளை. நெற்கதிரை அறுத்து உள்ளே சேர்க்கிற எலிக்காக யாரும் கலெக்டர்கிட்ட போகலை.

வகைப்பாட்டுல ரெண்டும் ரொம்ப தூரம். வயல் எலி பாலூட்டி. கொறிக்கும் விலங்குகளின் வரிசை. கூழைக்கடா பறவை, அதுக்குத் தனிக் குடும்பமே உண்டு. ஐயுசிஎன் சிவப்புப் பட்டியல் கூழைக்கடாவை 'அச்சுறுத்தலை நெருங்கிய இனம்' என்கிறது. வயல் எலிக்குக் கவலை இல்லை. எங்கும் நிறைய இருக்கு.

ஆனா சட்டத்தின் கணக்கு வேற. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, கொன்றாலும் குற்றமில்லாத 'தீங்குயிரி'களின் பட்டியல். அதில் எலி, பழந்தின்னி வௌவால், கூடவே காகம்! அமாவாசைக்குச் சோறு வைத்துக் கூப்பிடுற அதே காக்கா. ஆக, பறவையா விலங்கா என்பது அங்கே பிரச்சினையே இல்லை. நமக்கு லாபமா, நஷ்டமா? அவ்வளவுதான்.

இந்தப் பட்டியல் மனுஷங்க வயித்தையும் தொடும். வயல்ல எலி பிடிச்சு, வளையிலிருந்த நெல்லையும் எடுத்துச் சமைச்ச இருளர்கள், பாம்புத் தோலுக்காகவும் பாம்பு பிடிச்சாங்க. 1970களில் தோல் வியாபாரத்துக்குத் தடை வந்ததும் அந்த வருமானம் போச்சு. 1978இல் உருவான அவங்க கூட்டுறவு சங்கம், வடநெம்மேலியில் பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுக்குது. அதிலிருந்துதான் பாம்புக்கடி மருந்து. நேத்து குற்றமான அதே திறமை இன்னைக்கு உயிர் காக்குது.

2022 சட்டத் திருத்தம் அந்தத் தீங்குயிரி அட்டவணையை எடுத்துடுச்சு. சிற்பத்து எலி மாறலை; நம்ம பட்டியல்தான் மாறிக்கிட்டே இருக்கு. வேடந்தாங்கல் போனா கூழைக்கடாவைப் பாருங்க. திரும்பும்போது வரப்பையும் கொஞ்சம் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.