செப்பாங் பந்தயத் திடலும் பார்வையாளர் கணக்கும்

கெடாவின் அலோர் ஸ்டாரில் பிறந்த டாக்டர் மகாதீர் முகமது, நாட்டின் பிரதமராக 1999 மார்ச்சில் திறந்துவைத்தது சிலாங்கூர் மாநிலத்துச் செப்பாங் கார்ப் பந்தயத் திடல். முன்பு செம்பனை நின்ற நிலம் அது. செருமானியக் கட்டடக் கலைஞர் ஹெர்மன் தில்கே வகுத்த பாதை 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் உடையது.

அங்கு 130,000 பேர் கூடலாம் என்பது அறிவிக்கப்பட்ட கணக்கு. இத்தகைய கணக்கு இருவகையில் அமையும். மாடத்து இருக்கைகளை, தோட்டத்து நிரையில் மரங்களை எண்ணுவதுபோல் ஒன்றுவிடாமல் எண்ணிவிடலாம். புல்மேட்டிலோ இருக்கை இல்லை, பரப்பளவே உண்டு. ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் எனக் கொண்டால், ஒரு ஹெக்டர் சரிவில் 10,000 பேர் அமரலாம். நடைவழியையும் பாதை தெரியாத இடத்தையும் கழித்தால் அத்தொகை குறையும். செப்பாங்கில் தலைமை மாடத்தை இரு நேர்ப்பாதைகளின் நடுவே எழுப்பியமையால், இருபுறமும் பார்வைக்குரிய இடமாயிற்று.

ஆயினும் இடக்கணக்கு வேறு. வருகைக் கணக்கு வேறு. 1999 அக்டோபரில் அங்குத் தொடங்கிய ஃபார்முலா ஒன் பந்தயம், 2017 அக்டோபர் 1-ஆம் நாளோடு நின்றது. நுழைவுச்சீட்டு விற்பனை தளர்ந்ததும் நடத்தும் செலவு மிகுந்ததுமே காரணம். திடல் கட்டுவோர் இவ்விரு கணக்கையும் தனித்தனியே மதிப்பிடுதல் வேண்டும்.