இரும்பு அழிந்தது, கைப்பிடி நிலைத்தது



1545 ஜூலை 19 அன்று, மன்னர் எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலான மேரி ரோஸ், இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தை அடுத்த கடலில் பிரெஞ்சுப் படையோடு போரிடுகையில் கவிழ்ந்து மூழ்கிற்று. கப்பலிலிருந்த ஏறத்தாழ 500 பேரில் மிகச் சிலரே உயிர் தப்பினர். 1982 அக்டோபர் 11 அன்று அதன் எஞ்சிய பகுதி மேலே தூக்கப்பட்டது. அதற்கு முன்னரே மூழ்காளர்கள் வண்டலை அகற்றியபோது, தச்சரின் சிற்றறையும் கருவிகளும் கிடைத்தன.

பழைய ஊர்களைத் தோண்டும்போது பெரும்பாலும் கருவியின் இரும்பே கிடைக்கும், மரம் மக்கிப்போயிருக்கும். இங்கோ நேர்மாறு. உப்புநீர் இரும்பை அரித்துவிட்டது. காற்றுப் புகாத வண்டல் மரத்தைக் காத்தது.

அலகு இழந்த கருவியை எப்படி அடையாளம் காண்பது? எஞ்சிய மரத்தைக் கவனிக்க வேண்டும். அடிப்பரப்பு தட்டையாகவும் நடுவில் சரிவான வாயோடும் இருந்தால், அது இழைப்புளி. அந்தச் சரிவில் அலகை வைத்து மர ஆப்பால் இறுக்குவார்கள். அலகின் தலையை மெல்லத் தட்டினால் வெட்டு ஆழமாகும். கட்டையின் பின்புறத்தைத் தட்டினால் அலகு பின்வாங்கும். அடிபட்ட தழும்புகள் நிறைந்த மரத்தலை, கொட்டாப்புளி. உளியின் மரப்பிடியை இரும்புச் சுத்தியலால் அடித்தால் அது பிளந்துவிடும். ஆதலால் மரத்தை மரத்தாலேயே அடித்தார்கள். அளவுகோலும் சாணைக்கல்லும் அங்கே இருந்தன. பல மரத்துண்டுகளை இழைத்துப் பதித்த விளையாட்டுப் பலகை ஒன்றும் அதே அறையில் கிடைத்தது. போர்க்கப்பலிலும் அம்மனிதருக்கு ஓய்வுப்பொழுது இருந்திருக்கிறது.

மாற்கு 6:3 நம் ஆண்டவரைத் தச்சர் என்றே குறிப்பிடுகிறது. அவர் கையாண்ட கருவிகளில் ஒன்றும் நம்மிடம் இல்லை. ஆனால் உங்கள் தாத்தாவின் உளி பரணில் கிடக்கலாம். அதைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுமுன் சற்று நில்லுங்கள். துருவை எண்ணெய் தடவி மெல்லத் துடையுங்கள். கைப்பிடியை மட்டும் உப்புத்தாள் கொண்டு தேய்க்காதீர்கள். பிடி எங்கே தேய்ந்து மழுங்கியிருக்கிறதோ, அங்கேதான் அவருடைய பெருவிரல் அழுந்தியிருந்தது. உங்கள் விரலை அங்கே வைத்துப் பாருங்கள். பிறகு, அவரை அறிந்த முதியவர் எவரேனும் உயிரோடிருந்தால், அந்தக் கருவியைக் கையிலெடுத்துக்கொண்டு இந்த வாரமே அவரிடம் போய்க் கேளுங்கள்.