நூறு ரூபாய்ப் பொதுநோக்கம்: நில எடுப்புச் சட்டத்தின் இருநூறு ஆண்டுகள்

1960களின் தொடக்கத்தில் பஞ்சாப் அரசு ஃபரீதாபாத் பக்கம் ஆறு ஏக்கருக்குச் சற்று அதிகமான நிலத்தை எடுத்தது. அந்த நிலத்தின் சொந்தக்காரர்கள் தாங்களே அங்கே ஆலை கட்ட நினைத்திருந்தவர்கள். அரசோ குளிர்சாதனக் கருவிகளுக்கான கம்ப்ரசர் செய்யும் இன்னொரு தனியார் நிறுவனத்துக்காக அதை எடுத்தது. ஒரு தனியாரிடம் பிடுங்கி இன்னொரு தனியாரிடம் கொடுப்பது எப்படிப் பொதுநோக்கமாகும் என்று கேட்டு வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அரசிடம் பதில் இருந்தது: இழப்பீட்டுச் செலவில் அரசின் பங்காக 100 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். பொதுப்பணத்திலிருந்து ஒரு பகுதியாவது போனால்தான் அது பொதுநோக்கம் என்று சட்டம் சொல்கிறது, அந்தப் பகுதி எவ்வளவு என்று சொல்லவில்லை. 100 ரூபாய் போதும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்றார்கள். நீதிபதி சுப்பா ராவ் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார்.

இந்தத் தீர்ப்பு விபத்து அல்ல. 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 6ஆவது பிரிவு, நிலம் பொதுநோக்கத்துக்குத் தேவை என்று அரசு அறிவித்தால் அந்த அறிவிப்பே முடிவான சான்று என்று எழுதி வைத்திருந்தது. அரசே வாதி, அரசே சாட்சி. அந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது என்று தேடினால் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக்குப் போக வேண்டும்.

குடிமக்களின் சொத்தின் மேல் அரசுக்கு ஒரு மேலாதிக்க உரிமை உண்டு, பொதுத் தேவைக்காக அதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஈடு கொடுக்க வேண்டும் என்று 1625இல் டச்சுச் சட்ட அறிஞர் ஹ்யூகோ குரோஷியஸ் எழுதினார். இந்தியாவில் அந்தக் கருத்து 1824இல் வங்காள ஒழுங்குவிதியாக வந்து இறங்கியது. சாலையும் கால்வாயும் வெட்ட நிலம் தேவைப்பட்டது. பம்பாய்க்கு 1839இல் தனிச் சட்டம். 1850இல் ரயில்பாதையும் பொதுப்பணிதான் என்று அறிவிக்கப்பட்டது. சென்னை மாகாணத்துக்கு 1852இல் ஒரு சட்டம் வந்தது. மாகாணத்துக்கு ஒன்றாகக் கிடந்தவற்றை 1857ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றாக்கியது. பின்னர் 1870இல் இன்னொன்று.

அந்த 1870 சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. கலெக்டர் சொன்ன விலையில் உடன்பாடு இல்லையென்றால் விவகாரம் நீதிமன்றம் போகும், அங்கே மதிப்பீட்டாளர்கள் உட்கார்ந்து விலை பேசுவார்கள். அரசுக்கு அது கட்டுப்படியாகவில்லை. விலை ஏறுகிறது, வழக்குச் செலவும் ஏறுகிறது என்ற புகாரின் மேல்தான் 1894 சட்டம் எழுதப்பட்டது. மதிப்பீட்டாளர்கள் போனார்கள், கலெக்டரின் தீர்வம், அதாவது அவர் முடிவுசெய்த தொகை, நிலைத்தது. சந்தை விலைக்கு மேல் 15 சதவீதம் ஆறுதல் தொகை உண்டு. ஆனால் எடுக்கவே கூடாது என்று சொல்ல இடமே வைக்கப்படவில்லை. ஆட்சேபம் கேட்கும் 5ஏ பிரிவு சேர்க்கப்பட்டது 1923இல், சட்டம் பிறந்து 29 ஆண்டுகள் கழித்து. அதே காலத்தில் புனேவுக்கு அருகே முல்ஷியில் டாட்டாவின் மின் அணைக்காக நிலமிழந்த விவசாயிகள் சேனாபதி பாபட்டின் தலைமையில் சத்தியாகிரகம் செய்துகொண்டிருந்தார்கள். அணை கட்டப்பட்டது.

பொதுநோக்கம் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு 1914இல் அந்நாளின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் தந்த விடை பின்னாளில் எல்லாரும் மேற்கோள் காட்டும் விடையாயிற்று. பம்பாயில் கம்பெனி காலத்தில் கொடுத்த ஒரு நிலத்தை அரசு திரும்பக் கேட்டது, தன் அதிகாரிகளுக்கு வீடு கட்ட. அதிகாரிக்கு வீடு கிடைப்பதில் சமூகத்தின் பொதுநலன் இருக்கிறது, அதைத் தீர்மானிக்கத் தகுதியுள்ளது அரசுதான் என்று லண்டன் சொல்லிவிட்டது.

சுதந்திர இந்தியா இந்தச் சட்டத்தைத் தூக்கி எறியவில்லை. 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் சொத்துரிமைப் பிரிவை நேரு முன்மொழிந்தபோது அவர் மனத்தில் இருந்தவர்கள் ஜமீன்தார்கள். அவர்களுக்கு முழுச் சந்தை விலை கொடுத்தால் நிலச் சீர்திருத்தம் நடக்காது என்பது அப்போது பரவலான கவலை, அதில் நியாயமும் இருந்தது. பிகார் நிலச் சீர்திருத்தச் சட்டம் சிறிய ஜமீனுக்கு நிகர வருமானத்தைப் போல் 20 மடங்கு, பெரிய ஜமீனுக்கு 3 மடங்கு என்று இழப்பீட்டைப் படிப்படியாக இறக்கியது. தர்பங்கா மகாராஜா காமேஸ்வர் சிங் வழக்குப் போட்டார். 1951 மார்ச்சில் பாட்னா உயர் நீதிமன்றம் அது பாரபட்சம் என்று சட்டத்தைச் செல்லாததாக்கியது. மூன்று மாதத்தில் முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது, கூடவே சட்டங்களை நீதிமன்ற ரத்திலிருந்து காக்கும் ஒன்பதாவது அட்டவணையும். அதில் முதலில் வைக்கப்பட்ட சட்டங்கள் 13. இன்று 284.

1953இல் மேற்கு வங்கத்திலிருந்து ஒரு வழக்கு. அகதிகளைக் குடியமர்த்த எடுக்கும் நிலத்துக்கு, 1946 டிசம்பர் 31 அன்றைய சந்தை விலைக்கு மேல் தர முடியாது என்றது அந்த மாநிலச் சட்டம். சென்னையிலிருந்து டெல்லி போன தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதிய தீர்ப்பு அந்த உச்சவரம்பை ஏற்கவில்லை. இழப்பீடு என்றால் இழந்ததற்கு நிகரான ஈடு, என்றோ ஒருநாள் விலையில் அதை உறையவைக்க முடியாது. நாடாளுமன்றம் 1955இல் நான்காவது திருத்தத்தால் பதில் சொன்னது: இழப்பீடு போதவில்லை என்று இனி நீதிமன்றத்தில் கேட்க முடியாது.

தீர்ப்பு, திருத்தம், மீண்டும் தீர்ப்பு என்ற இந்த இழுபறியில் சென்னை மாநிலத்துக்கும் பங்கு உண்டு. 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1964இல் செல்லாததாக்கியது. அதே 1961இல் சென்னை அரசு நில எடுப்புச் சட்டத்தில் செய்த ஒரு திருத்தம், வீட்டுவசதித் திட்டத்துக்கு எடுக்கும் நிலத்துக்கு மட்டும் ஆறுதல் தொகையை 15 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தது. அறிவிப்பு நாளின் விலை, முந்தைய ஐந்தாண்டுச் சராசரி, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். ஆஸ்பத்திரிக்கு எடுத்தால் ஒரு விலை, வீட்டுக்கு எடுத்தால் ஒரு விலையா என்று கேட்டு, அதையும் சமத்துவத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் தள்ளியது.

1964இல் வந்த பதினேழாவது திருத்தம் சென்னை உச்சவரம்புச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணைக்குள் ஏற்றிக் காப்பாற்றியது. அதே திருத்தம் ஓசைப்படாமல் இன்னொன்றும் செய்தது. உச்சவரம்புக்கு உட்பட்டு ஒருவர் சொந்தமாகப் பயிரிடும் நிலத்தை நிலச் சீர்திருத்தத்துக்காக எடுத்தால் சந்தை விலைக்குக் குறையாமல் தர வேண்டும் என்று 31ஏ பிரிவில் ஒரு நிபந்தனை சேர்த்தது. சொத்துரிமைப் பிரிவுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தபோதும் அது மட்டும் இன்றுவரை நிற்கிறது.

மீதிக் கதை பலருக்கும் தெரிந்தது. 1970இல் வங்கி தேசியமயம் செல்லாது என்ற தீர்ப்பு, 1971இல் இழப்பீடு என்ற சொல்லையே எடுத்துவிட்டுத் தொகை என்று எழுதிய 25ஆவது திருத்தம், காசர்கோடு எடநீர் மடத்தின் கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கில் 1973இல் வந்த 7க்கு 6 தீர்ப்பு. கடைசியில் 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கி, 300ஏ என்ற ஒற்றை வரிப் பிரிவாக்கியது. 1979 ஜூன் 20 முதல் அது நடப்பில் உள்ளது. சட்டத்தின் அதிகாரமின்றி யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

இந்த முப்பது ஆண்டுச் சண்டையில் நீதிமன்றம் ஏறியவர்கள் பெரும்பாலும் மகாராஜாக்கள், வங்கிப் பங்குதாரர்கள், பெரும் பண்ணைகள். திருத்தங்கள் அவர்களைக் குறிவைத்து எழுதப்பட்டன. ஆனால் சொத்துரிமை மெலிந்து முடிந்தபோது ஜமீன்தார்கள் இல்லை. அணைக்கும் சுரங்கத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் எடுத்தபோது எதிரே நின்றவர் இரண்டு ஏக்கர் பட்டாதாரர். பணக்காரனைக் கட்டுப்படுத்த அடித்த விலங்கு ஏழையின் காலுக்கும் பொருந்திவிட்டது.

இதை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். தமிழ்நாட்டில் ஆதி திராவிடர் குடியிருப்புக்கு மனை வேண்டும் என்றால் ஊர்க்காரர் விற்க மாட்டார். காசு கொடுத்தாலும் விற்க மாட்டார். கட்டாய நில எடுப்பு இல்லாமல் பல காலனிகள் உருவாகியே இருக்காது. அதற்கென்றே 1978இல் மாநில அரசு ஹரிஜன நலத் திட்டங்களுக்கான தனி நில எடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. நடைமுறை குறைவு, வேகம் அதிகம். உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இழப்பீட்டைத் தவணையில் தரலாம் என்ற பகுதியை மட்டும் வெட்டியது. அரசின் கட்டாய அதிகாரமே அநியாயம் என்று பொதுப்படையாகப் பேசுகிறவர்கள் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

விலை எப்படி நிர்ணயமாகிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் கோபத்தின் காரணம் புரியும். நில எடுப்புத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் முதல் வேலை, அந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் அண்மையில் பதிவான கிரயப் பத்திரங்களைச் சார்பதிவாளரிடமிருந்து திரட்டுவது. நன்செய், புன்செய், மனை என்று பிரிக்கிறார்கள். விலை அதிகமான பத்திரம், வீட்டுமனை விலை என்றோ கற்பனை விலை என்றோ கழிக்கப்படும். 1894 சட்டத்தின் கீழ் மிச்சத்தில் ஒன்று அளவுகோலானது. கட்டடத்தைப் பொதுப்பணித் துறை மதிப்பிடும். தேக்கும் தென்னையும் கிணறும் தனித்தனிக் கணக்கு. இதில் சிக்கல் பத்திரத்திலேயே இருக்கிறது. முத்திரைத் தாள் செலவை மிச்சம் பிடிக்க, கைமாறிய பணத்தைவிடக் குறைத்து எழுதுவது ஊரறிந்த பழக்கம். பக்கத்து வயல்காரர் குறைத்துக் காட்டிய தொகை இவர் நிலத்தின் விலையாகிறது. 2017 ஜூனில் தமிழ்நாடு அரசு பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. நிலம் வாங்குகிறவருக்கு அது நல்ல செய்தி. அரசுக்கு நிலம் கொடுக்க வேண்டியவருக்கு அது வேறு செய்தி.

விலை போதாதென்றால் 1894 சட்டத்தின் 18ஆவது பிரிவின் கீழ் நீதிமன்றம் போக வழி இருந்தது. போனவருக்குப் பல மடங்கு கூடியதுண்டு. அதே பகுதியில் பக்கத்து சர்வே எண்ணுக்காரர், வக்கீல் வைக்க வசதியில்லாதவர், பழைய தொகையோடு நின்றார். 1984 திருத்தம் ஆறுதல் தொகையை 30 சதவீதமாக்கியது, அறிவித்த இரண்டு ஆண்டுக்குள் தீர்வம் வர வேண்டும் என்றது, வழக்குப் போடாதவரும் பக்கத்து நிலத்துக்குக் கிடைத்த உயர்வைக் கோரலாம் என்று வழி விட்டது. தெரிந்தவருக்குப் பயன்பட்டது.

2006இல் மேற்கு வங்க இடதுசாரி அரசு சிங்கூரில் டாட்டாவின் நானோ கார் ஆலைக்கு 997 ஏக்கர் எடுத்தது. 2007 மார்ச் 14 அன்று அதே மாநிலத்தின் நந்திகிராமில், நில எடுப்பை எதிர்த்தவர்கள் மீது போலீஸ் சுட்டதில் 14 பேர் இறந்தார்கள். 2008இல் நானோ குஜராத்தின் சானந்துக்குப் போனது. 2016இல் உச்ச நீதிமன்றம் சிங்கூர் நில எடுப்பை ரத்து செய்தபோது, அமர்வின் இரண்டு நீதிபதிகளும் பொதுநோக்கத்தில் ஒத்துப்போகவில்லை. ஒருவர் இது கம்பெனிக்கு எடுத்த நிலம் என்றார், மற்றவர் பொதுநோக்கம்தான், ஆட்சேபங்களை ஒழுங்காக விசாரிக்கவில்லை என்றார். விடை ஒன்று, வழி வேறு. வாங்கிய இழப்பீட்டை விவசாயிகள் திருப்பித் தர வேண்டியதில்லை என்பதில் இருவரும் ஒன்றானார்கள், ஏனெனில் பத்து ஆண்டு பிழைப்பு போயிருந்தது.

அந்தக் கொந்தளிப்பிலிருந்து வந்தது 2013 சட்டம். தனியார் திட்டத்துக்கு நிலமிழக்கும் குடும்பங்களில் 80 சதவீதம், அரசும் தனியாரும் சேர்ந்த திட்டத்துக்கு 70 சதவீதம் பேர் ஒப்புக்கொள்ள வேண்டும். சமூகத் தாக்க மதிப்பீடு வேண்டும். ஆறுதல் தொகை 100 சதவீதம், கிராமப்புறத்தில் சந்தை விலையையே இரண்டு மடங்கு வரை பெருக்கலாம். 119 ஆண்டு பழைய சட்டத்துக்கு இது பெரிய மாற்றம். ஆனால் நெடுஞ்சாலை, ரயில்வே முதலிய 13 மத்தியச் சட்டங்களை நான்காவது அட்டவணையில் வெளியே நிறுத்தினார்கள். அந்தச் சட்டங்களின் கீழும் இழப்பீடு மட்டும் 2015 முதல் புதிய கணக்கில் வருகிறது.

தமிழ்நாடு அந்தக் கதவைத் தனக்கும் திறந்துகொண்டது. 2014இல் 2013 சட்டத்தில் 105ஏ என்ற பிரிவைச் சேர்த்து, மேலே சொன்ன 1978 சட்டம், தொழில் நோக்கங்களுக்கான 1997 சட்டம், 2001 நெடுஞ்சாலைச் சட்டம் மூன்றையும் மத்தியச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கியது. ஆதி திராவிடர் மனைக்கு வேகம் வேண்டும் என்ற வாதத்தை ஏற்கலாம். அதே வண்டியில் தொழிற்பூங்காவையும் ஏற்றியதுதான் உறுத்துகிறது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் 105ஏ செல்லாது என்றது. மாநில அரசு முன்தேதியிட்டு, 2013 செப்டம்பர் 26 முதல் செல்லும் என்று புத்துயிர்ச் சட்டம் போட்டது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பரந்தூர் விமான நிலையத்துக்கான நில எடுப்பு நடப்பது இந்த 1997 சட்டத்தின் வழியேதான்.

சென்னை–சேலம் எட்டு வழிச் சாலை தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ் வந்தது, 277 கிலோமீட்டர், ஐந்து மாவட்டங்கள். கல் நட்டபோது அழுத பெண்களின் படங்கள் 2018இல் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டத்துக்கு வழிவிட்டது, அதேசமயம் அவசரமாக மாற்றிய வருவாய்ப் பதிவுகளைப் பழையபடி விவசாயிகள் பெயரில் திருப்பச் சொன்னது.

உச்ச நீதிமன்றத்தின் குரல் அண்மைக் காலத்தில் மாறியிருக்கிறது. இமாசலப் பிரதேசத்தில் 1967-68இல் சாலைக்காக நிலத்தை இழந்து, ஒரு காசும் பெறாத மூதாட்டி 80 வயதில் நீதிமன்றம் வந்தார். இத்தனை ஆண்டு அனுபவத்தில் இருப்பதால் எதிரிடை அனுபவ பாத்தியத்தில் நிலம் எங்களுடையதாகிவிட்டது என்று மாநில அரசு வாதிட்டது. குடிமகளின் நிலத்தில் அரசே ஆக்கிரமிப்பாளரின் வாதத்தை வைப்பதா என்று 2020 ஜனவரியில் நீதிமன்றம் கண்டித்து இழப்பீடு தரச் சொன்னது. 2024 நவம்பரில் ஒன்பது நீதிபதி அமர்வு, தனியார் சொத்து எல்லாமே சமூகத்தின் பொருள்வளம் ஆகிவிடாது என்று பெரும்பான்மையாகச் சொன்னது.

அதற்கு ஆறு மாதம் முன்பு, கொல்கத்தா மாநகராட்சி பூங்காவுக்கென்று எடுத்த ஒரு சொத்து பற்றிய வழக்கில், 300ஏ பிரிவுக்குள் ஏழு உரிமைகள் அடங்கியிருப்பதாகத் தீர்ப்பு வந்தது. அறிவிப்புப் பெறுவது, ஆட்சேபம் சொல்வது, காரணத்தோடு கூடிய முடிவு, பொதுநோக்கம் இருப்பதை அரசு காட்டுவது, நியாயமான இழப்பீடு, காலக்கெடுவுக்குள் நடைமுறை, நிலம் முறையாகக் கைமாறி முடிவது. 1894இன் முடிவான சான்றிலிருந்து இது வெகுதூரம். ஏழில் எதுவும் ஒப்புதல் அல்ல. அது 2013 சட்டத்தில் மட்டும் இருக்கிறது, தமிழ்நாட்டின் மூன்று சட்டங்களும் அதற்கு வெளியே நிற்கின்றன.